மாகிரட்டின் அளவுக்கொப்பி

என் மனைவி மாகிரட் நன்றாக ஜெபிப்பாள் என்பது திருகோணமலை நகரத்தில் எங்கள் சபையார் எல்லோருக்கும் தெரியும். அவள் ஜெபிப்பதே இல்லை என்பது முப்பத்துநான்கு வருசமாக எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே வீட்டில், ஒரே அறையில் இருக்கிறவனுக்கு இதை யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் இழுவைப் படகுகளுக்கு எஞ்சின் திருத்தி ஓய்வுபெற்றவன். கோயிலுக்கு நத்தாருக்குப் போவேன், உயிர்த்த ஞாயிறுக்குப் போவேன், மற்றபடி மாகிரட் என் சேட்டைத் தேய்த்து மினுக்கி வைத்துவிட்டால் தப்ப வழியில்லாமல் போவேன். ஆகவே அவளை நியாயந்தீர்க்கிற தகுதி எனக்கில்லை. நடந்ததைச் சொல்கிற கடமை மட்டும் இருக்கிறது. ஏன் கடமை என்பது போகப்போகத் தெரியும்.

மாகிரட் கட்டைபறிச்சானில் ஓர் உபதேசியாரின் கடைசி மகள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு செத்தவீட்டில் ஜெபிக்க நின்ற தகப்பனுக்குத் தொண்டை அடைத்துப்போனது. மனிதர் மகளை முன்னுக்குத் தள்ளி, நீ சொல்லு என்றாராம். தினமும் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்த சொற்களை அவள் அப்படியே எடுத்துவிட்டாள். அழாமல் கல்லாக இருந்த விதவை அன்றைக்குத்தான் அழுதாளாம். அதற்குப் பிறகு தகப்பனை விட மகளைத்தான் வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊர் சொன்னது. பிள்ளை பிழைத்தது உண்மைதான்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது தையல் பழகினாள். அடுத்த வருசம் என்னைக் கட்டினாள். எங்கள் வீட்டின் தெருப்பக்கத்து அறை அவளுடைய தையல் அறையானது. பள்ளிக்கூடச் சட்டை, சாரிச் சட்டை, அபாயா, முதல் நன்மை உடுப்பு, எல்லாம் அங்கே தைக்கப்படும். எல்லாச் சமயத்துப் பெண்களும் வருவார்கள். அளவெடுக்கும்போது கை தூக்கி நிற்கிற பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. மகனுக்கு விசா கிடைக்கவில்லை, கணவர் குடிக்கிறார், மாமிக்குச் சிறுநீரகம் பழுது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். மாகிரட் வாயில் ஊசி வைத்துக்கொண்டு கேட்பாள். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "ஓம், நான் ஜெபத்தில வைக்கிறன்" என்பாள்.

வைக்கிற இடம் அளவுக்கொப்பிதான். மார்பு முப்பத்தாறு, கை பதினாலு என்று எழுதிய பக்கத்தின் ஓரத்தில், மகன் விசா என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதுவாள். உடுப்புத் தைத்து முடிந்ததும் சிவப்புப் பேனையால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அடியில் திகதி போடுவாள். அளவும் வெட்டுப்படும், மகனின் விசாவும் வெட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் அவள் முழந்தாளிட்டதை நான் ஒரு நாளும் காணவில்லை. புதன்கிழமைக் கூட்டத்தில், பெண்கள் ஐக்கியத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் என்றால் கண்ணை மூடிய கணமே சொற்கள் வரிசையில் வந்து நிற்கும். வீட்டில் நாங்கள் இருவரும் தனியே சாப்பிட உட்கார்ந்தால் அவள் நேரே சோற்றில் கை வைப்பாள். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கல்லடி பெண்ணே என்று நான் பகிடி பண்ணுவேன். சிரித்துக்கொண்டே மீனை என் சோற்றுக் கோப்பையில் போடுவாள்.

ஒரு தடவை பகிடி இல்லாமல் கேட்டிருக்கிறேன். அங்கே சொல்வதை இங்கேயும் ஏன் சொல்ல வேண்டும் என்றாள். நானும் விட்டுவிட்டேன். எனக்கு அது வசதியாகவே இருந்தது, ஏனென்றால் அவள் வீட்டில் ஜெபித்தால் நானும் பக்கத்தில் நிற்க வேண்டிவரும்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன வருசம் ஒரு திங்கட்கிழமை மூதூரிலிருந்து ஸுல்பிகா வந்தாள். பதினைந்து வருச வாடிக்கை. பெருநாளுக்குத் தனக்கும் மகள் றுமானாவுக்கும் துணி கொண்டுவந்திருந்தாள். அளவெடுக்கும்போதுதான் சொன்னாள், கணவர் முனீப் போன படகிலிருந்து மூன்று நாளாகத் தொடர்பு இல்லை என்று. அது கிழமைக்கணக்கில் கடலில் நிற்கிற பெரிய படகு. ஆறு பேர் போயிருந்தார்கள். எஞ்சின் பழுது என்று கடைசியாக ஒரு சொல் வந்ததாம். "நீங்களும் துஆ கேளுங்க, அக்கா" என்றாள். மாகிரட் வழமைபோல ஓம் என்றாள். கொப்பியில், முனீப், கடல் என்று எழுதினாள். வியாழக்கிழமை உடுப்பு முடிந்தது. சிவப்புக் கோடு விழுந்தது. பின்னேரம் றுமானா வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

பதினேழாம் நாள் வாழைச்சேனைப் படகொன்று அவர்களைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. ஆறு பேரும் உயிரோடு. அடுத்த நாளே ஸுல்பிகா இரண்டு சட்டி எருமைத் தயிரோடு எங்கள் வாசலில் நின்றாள். அழுதாள், சிரித்தாள், மாகிரட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முனீப் மெலிந்துபோனாராம், இருக்கிற சேட் ஒன்றும் பொருந்தவில்லையாம், அவருக்கு இரண்டு தைக்க வேண்டுமாம். மாகிரட் கொப்பியைத் திறந்தாள். தன் பக்கத்தைக் கண்ட ஸுல்பிகா குனிந்து பார்த்தாள். அவருடைய பெயருக்கு மேலே சிவப்புக் கோடு. அடியில் திகதி.

இதை ஏன் வெட்டினீங்கள் என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

மாகிரட்டின் முகம் வெளிறியது. நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன், ஒரு சட்டித் தயிரை ஏற்கனவே கையில் வாங்கியிருந்தேன். என் வாய் எப்போதும் என் மூளைக்கு முன்னால் போகிற வாய். "அது கேட்டு முடிஞ்சுது எண்டு வெட்டினது. ஆண்டவர் அண்டைக்கே சொல்லிப்போட்டார், ஆள் வருவார் எண்டு" என்றேன்.

மனைவி வெட்கப்படக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதி உண்மை. மீதி, வந்த மனுசி சந்தோசமாகப் போகட்டும், தயிரும் இங்கேயே இருக்கட்டும் என்கிற குணம்.

ஸுல்பிகா விரல்மடித்து நாள் எண்ணினாள். பிறகு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். படகில் குடிதண்ணீர் முடிந்து இரண்டாம் நாள், எல்லோரும் நம்பிக்கையை விட்ட நேரம், மழை கொட்டியதாம். அது வியாழக்கிழமை. அந்த வியாழன்தான், அக்கா, அந்த வியாழன்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய்யைச் சொன்னவன் நான். அதற்குச் சாட்சியைக் கடலே கொண்டுவந்து தந்துவிட்டது.

அவள் போன பிறகு மாகிரட் ஏன் அப்படிச் சொன்னீங்கள் என்று கேட்டாள். "விடும், அது சந்தோசமாப் போகுது" என்றேன். அன்றைக்குத் தயிரை நான் மட்டும்தான் சாப்பிட்டேன்.

குரல் செய்தி என்று ஒன்று இருக்கிறதே, அது வந்த பிறகு ஒரு கதை மூதூரிலிருந்து நகரத்துக்கு வர பஸ் பிடிக்கத் தேவையில்லை. சனிக்கிழமைக்குள் எங்கள் போதகரின் போனுக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் மாகிரட்டைச் சாட்சி சொல்ல எழுப்பினார். அவள் எழுந்து நின்றாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் சொற்கள் வந்துவிட்டன. எட்டு நிமிடம், ஒரு தடங்கலும் இல்லாமல், கடலின் மேல் அதிகாரமுள்ளவரைப் பற்றிப் பேசினாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது எல்லோரும் என் கையையும் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். இதை எழுதும்போது அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு ஸுல்பிகா மறுபடி வந்தாள், இந்தத் தடவை ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு. பெயர் நதீஷா. சாம்பல்தீவு. நெற்றியில் திருநீறு, இருபத்துநாலு வயது சொல்லலாம். அவளுடைய கணவன் சின்னப் படகில் ஒரு கூட்டாளியோடு விடியக் கடலுக்குப் போனவன். ஐந்து நாளாகிவிட்டது. கடற்றொழில் அலுவலகத்தில் பதியப் போன இடத்தில், முனீபின் படகு அலுவலாக வந்திருந்த ஸுல்பிகா இவளைக் கண்டு, சிவப்புக் கோட்டின் கதையைச் சொல்லி, நான் ஒரு இடம் சொல்கிறேன், வா என்று கூட்டி வந்திருக்கிறாள்.

இதை வாசிக்கிறவர்கள் கடைசியில் அவன் வந்துவிடுவான் என்று காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் படகு இன்றுவரை வரவில்லை.

மாகிரட் கொப்பியை எடுத்தாள். அளவு இல்லாத முதல் பக்கம் அது. நதீஷா மனுசன், கடல் என்று எழுதினாள். அடுத்த நாள் பத்து மணிக்கு நதீஷா வாசலில் நின்றாள். பஸ்ஸில் வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. "வெட்டியாச்சோ, அன்ரி?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று மாகிரட் தலையாட்டினாள். சரி அன்ரி என்று போய்விட்டாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

பத்து நாள். பத்து மணியாகிறது என்றால் மாகிரட்டின் மெசின் நின்றுவிடும். ஒரு சட்டையின் கையை மாற்றிப் பொருத்தித் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் மாற்றியே தைத்தாள். சாப்பாடு குறைந்தது. புதன்கிழமைக் கூட்டத்துக்குத் தலையிடி என்று போகவில்லை. சிவப்புப் பேனையை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

அந்தப் பத்தாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். என் வாழ்க்கையில் வெட்கப்பட நிறைய இருந்தாலும் இதுதான் முதலாவது. "பேசாமல் வெட்டிவிடுமன்" என்றேன். "பிள்ளை ஆறுதலாப் போகும். வந்தால் வந்தது. வராட்டி ஆண்டவற்ற சித்தம் எண்டு சொல்லலாம். உமக்குச் சொல்லவா தெரியாது?"

மாகிரட் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்குச் சொல்ல மட்டும்தான் தெரியும்" என்றாள். பிறகு ஏதோ தையல் வேலை சொல்வதுபோல மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். செத்தவீட்டில் அந்த விதவை அழுததைப் பார்த்து, தன் சொல்லுக்கு மனிதர் அசைகிறார்கள் என்று ஒன்பது வயதிலேயே அறிந்துகொண்டாளாம். ஆண்டவர் அசைகிறாரா என்று பார்க்க ஒரு நாளும் துணியவில்லையாம். தனியே முழந்தாளிட்டு ஒன்றை உண்மையாகக் கேட்டு, அது கிடைக்காமல் போனால், பிறகு தன்னிடம் என்ன மிஞ்சும் என்ற பயம். "நான் அவரிட்ட ஒண்டும் கேட்டதில்லை. அதால அவர் எனக்கு இல்லையெண்டு சொன்னதும் இல்லை. இப்பிடியே வந்திட்டன்."

முப்பத்துநான்கு வருசம் அவள் ஜெபிக்காததைப் பகிடி பண்ணியவன் நான். ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். குசினிக்குள் போய் அடுப்பில் கேத்தலை வைத்தேன்.

அடுத்த நாள் முனீபின் சேட்டுகளை எடுக்க ஸுல்பிகா வந்திருந்தாள். பத்து மணிக்கு நதீஷாவும் வந்தாள். வாசலில் நின்று வாயைத் திறக்க முன், உள்ளே வாரும் பிள்ளை என்று மாகிரட் கூப்பிட்டாள். அவளைக் கதிரையில் இருத்தினாள். தான் இருக்கவில்லை. நான் தேத்தண்ணீர்க் கேத்தலோடு குசினி வாசலில் நின்றேன்.

"பிள்ளை, நான் உம்மட மனுசனுக்காக ஒரு நாளும் ஜெபிக்கேல்லை" என்றாள். "ஸுல்பிகா, முனீபுக்கும் ஜெபிக்கேல்லை. உடுப்பு முடிஞ்சால் கோடு இழுக்கிறது என்ர பழக்கம். அண்டைக்கு வியாழக்கிழமை உங்கட உடுப்பு முடிஞ்சுது, அவ்வளவுதான். ஆண்டவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. அது நான் சொன்ன பொய்."

நான் சொன்ன பொய் என்றாள். சொன்னவன் மூன்றடி தூரத்தில் கேத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பொய்யை அன்றைக்குக் கேட்டது ஸுல்பிகாவின் இரண்டு காது, சொன்ன வாயும் அவளுக்குத் தெரியும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மாகிரட் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓம், நான்தான் என்று சொல்ல எனக்கு ஒரு முழு நிமிடம் இருந்தது. வாய் முந்துகிறவன் என்று பெயர் எடுத்தவனுக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இன்றைக்கு எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸுல்பிகாவிடமும் போதகரிடமும் இதைப் படிக்கக் கொடுப்பேன்.

ஸுல்பிகா என்னிடமிருந்து கண்ணை எடுத்தாள். "நான் ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்கும் சேத்துக் கேட்டன், அக்கா" என்றாள். சேட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாகிரட் அதைத்தான் தாங்கவில்லை என்று பிறகு சொன்னாள். ஏசியிருக்கலாம் என்றாள்.

நதீஷா ஏசுவாள் என்று நான் நினைத்தேன். பத்து நாள் பஸ் ஏறி வந்தவள். ஏச முழு உரிமையும் அவளுக்கு இருந்தது. அவள் கொஞ்ச நேரம் மாகிரட்டின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் வந்தது கோபமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப இன்னும் கேக்கவே இல்லையோ, அன்ரி?" என்றாள்.

மாகிரட் தலையாட்டினாள்.

"நான் நினைச்சன், நீங்கள் கேட்டும் அவர் தரேல்லையாக்கும் எண்டு. கேக்கவே இல்லையெண்டால்..." கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள். "அப்ப இப்ப கேளுங்கோ. நான் இருக்கிறன்."

எங்கள் வீட்டுக்கு வெளியே பள்ளிவாசல் சந்திக்குப் போகிற ஓட்டோக்கள் சத்தம் போட்டுக்கொண்டு போயின. மாகிரட் மெசினைப் பிடித்துக்கொண்டு, வெட்டுத் துணிகளுக்கு நடுவே, நொந்துபோன முழந்தாள்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கீழே இறங்கினாள். கண்ணை மூடினாள். சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம பிதாவே என்று தொடங்கினாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வழமையாக வருகிற பத்துச் சொற்களும் எனக்கே பாடம். ஒன்றும் வரவில்லை. வாய் அசைந்தது, நின்றது. நெற்றியில் வேர்வை. கட்டைபறிச்சான் உபதேசியாரின் மகள், எட்டு நிமிடம் தடங்காமல் பேசுகிறவள், முழந்தாளில் நின்று திக்கினாள்.

"ஆண்டவரே, எனக்கு உம்மோட கதைக்கத் தெரியாது" என்றாள். "நான் கேட்டதில்லை. இண்டைக்குக் கேக்கிறன். இந்தப் பிள்ளையின்ர மனுசனைத் தாரும். இவவுக்கு அவரைத் தாரும். அவர்..."

அங்கே நின்றுவிட்டாள். கண்ணைத் திறந்தாள். மெல்லத் திரும்பி நதீஷாவைப் பார்த்தாள். நான் அவளை அப்படி வெட்கப்பட்டு ஒரு நாளும் கண்டதில்லை.

"அவற்ற பேர் என்ன, பிள்ளை?" என்றாள்.

"சுகந்தன்."

பத்து நாள் எங்கள் வாசலுக்கு வந்துபோன பெண். அவளுடைய கணவனின் பெயரை நாங்கள் இருவரும் அப்போதுதான் கேட்டோம்.